கோப்பில் எழுதப்படாத காடு

ஒரு திட்டத்துக்கு அனுமதி வேண்டி அரசுக்கு அளிக்கப்படும் விண்ணப்பத்தை இலக்கிய வாசகர் எவரும் விரும்பிப் படிப்பதில்லை. ஆனால் நிலத்தைப் பற்றி ஓர் அரசு எழுதிக்கொள்ளும் உரைநடை அதுதான். எத்தனை ஹெக்டேர், என்ன வகை நிலம், யாருடைய உடைமை, எத்தனை குடும்பங்கள் பெயர்க்கப்படும் என்ற கட்டங்களுக்குள் ஒரு மலையோ புல்வெளியோ வந்து அடங்குகிறது. கட்டத்துக்குள் வராதது அந்த நிலத்தில் இல்லை என்று பொருள்.

நிலக்கரியைக் கைவிட்டுக் காற்றையும் வெயிலையும் நோக்கி உலகம் திரும்பிக்கொண்டிருக்கும் இந்நாளில், அனுமதிகளே முதல் தடை என்ற குரல் வலுத்து வருகிறது. புவி வெப்பமடைவதைத் தடுக்க நமக்கு அவகாசம் குறைவு. அப்படியிருக்க, தூய மின்னாற்றலைத் தரும் திட்டங்களை ஆண்டுக்கணக்கில் கோப்புகளில் முடக்கி வைப்பது முறையா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடுமுன், இந்த அனுமதி என்னும் ஏற்பாடு நம் நாட்டில் எப்படிப் பிறந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அது பிறந்தது நிலக்கரிச் சுரங்கத்தையோ உரத் தொழிற்சாலையையோ ஒட்டி மட்டும் அல்ல. புகையே விடாத ஒரு மின் திட்டத்துக்கு அதன் பிறப்பில் பெரும் பங்கு உண்டு.

*

நீலகிரியின் தென்மேற்குச் சரிவுகளிலிருந்து இறங்கி, பாலக்காடு மாவட்டத்தின் மழைக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது குந்திப்புழை. பாண்டவர்களின் தாயைப் பெயரில் ஏந்திய ஆறு. அதன் கரையில் ஓரிடத்துக்குச் சைரந்திரி என்று பெயர். விராட நகரில் மறைந்து வாழ்ந்த காலத்தில் பாஞ்சாலி பூண்ட பெயர் அது. வெள்ளையர் இப்பகுதியை சைலண்ட் வேலி என்றார்கள். தமிழில் அமைதிப் பள்ளத்தாக்கு என்கிறோம். 1914இல் அது ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. 1928இலேயே சைரந்திரி மின் உற்பத்திக்கு ஏற்ற இடம் என்று குறிக்கப்பட்டுவிட்டது. ஆறு ஒடுங்கிப் பாறைகளுக்கிடையே பாயும் அந்த இடத்தைக் கண்ட எந்தப் பொறியாளருக்கும் அணை தோன்றாமல் இராது.

கேரள மின்வாரியம் 1970இல் முன்வைத்த திட்டம் சுமார் 130 மீட்டர் உயர அணையையும், முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்னாற்றலையும், சமவெளியில் பத்தாயிரம் ஹெக்டேர் பாசனத்தையும் வாக்களித்தது. நீரில் மூழ்குவது 830 ஹெக்டேர். மொத்தப் பள்ளத்தாக்கில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1973இல் திட்டக் குழு ஒப்புதல் அளித்தது. செலவு என்ன, வரவு என்ன என்று அது கேட்டது. அந்த நீரில் என்ன மூழ்கும் என்று கேட்க அன்று எந்தச் சட்டமும் இல்லை. சுற்றுச்சூழலுக்கென்று மத்திய அரசில் தனித் துறை உருவானதே 1980 நவம்பரில்தான்.

திட்டத்தை வேண்டியவர்களை வில்லன்களாக்கி இவ்வரலாற்றைச் சொல்வது எளிது. ஆனால் அது உண்மையாகாது. மலபார் பகுதி அன்று மின்சாரத்திலும் தொழிலிலும் கேரளத்தின் தென்பகுதிக்குப் பின்தங்கியிருந்தது. மின்சாரம் நெடுந்தொலைவு கம்பி வழியே வந்து சேர வேண்டியிருந்தது. மன்னார்க்காட்டு உழவருக்கும் பாலக்காட்டு இளைஞருக்கும் அந்த அணை வேலையாகவும் விளக்காகவும் தெரிந்ததில் வியப்பில்லை. கேரளத்தின் ஆளுங்கட்சிகளும் எதிர்க்கட்சிகளும் பெரும்பாலும் திட்டத்தின் பக்கமே நின்றன.

எதிர்ப்பு தொடங்கியது ஒரு குரங்கிலிருந்து. சிங்கவால் குரங்கு என்றும் சோலைமந்தி என்றும் நாம் சொல்லும் விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. வெடிப்பலா மரம் பூத்துக் காய்க்கும் காட்டை விட்டு அது எளிதில் இறங்காது. 1970களில் ஸ்டீவன் கிரீன் போன்ற ஆய்வாளர்கள் இக்குரங்கைப் பற்றி எழுதினார்கள். ரோமுலஸ் விட்டேகர் இக்காட்டைக் கண்டு, அதற்கு நேரவிருப்பதை இயற்கை ஆர்வலர்களுக்குத் தெரியப்படுத்தினார். 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டை ஒட்டி மத்திய அரசு அமைத்திருந்த சூழல் திட்டமிடல் குழு, 1976இல் ஜாபர் ஃபத்தேஅலி தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை ஏற்படுத்தியது.

அக்குழுவின் பரிந்துரையை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்றது குழு. அப்படிக் கைவிட இயலாவிட்டால், இன்னின்ன காப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ள வேண்டும் என்று பதினேழைப் பட்டியலிட்டது. அரசு முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. காப்புகளைச் சட்டமாக்கினால் போதும் என்ற நிபந்தனையோடு 1978இல் மத்திய அரசு இசைந்தது. 1979இல் கேரளம் அப்படியொரு சட்டத்தை இயற்றியது. இன்று சூழல் அனுமதிக் கடிதம் ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாக வரும் நிபந்தனைகளின் பழைய முன்மாதிரி இந்தப் பதினேழு என்றே நமக்குப் படுகிறது. காட்டை மூழ்கடிக்கலாம், மூழ்கடித்த பின் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வாக்கிய அமைப்பு அங்கே உருவாயிற்று.

*

அடுத்து நடந்ததுதான் இலக்கியம் படிப்பவர்களுக்கு நெருக்கமானது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் மக்கள் இயக்கம், தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் போன்றோரின் முயற்சியால், இந்த அணையை ஊர் ஊராகப் பேசுபொருளாக்கியது. மின்சாரம், பொருளாதாரம், உயிரியல் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசுக்கு வெளியே இருந்தவர்கள், அரசு செய்திருக்க வேண்டிய மதிப்பீட்டைத் தாங்களே செய்தார்கள். சூழல் தாக்க மதிப்பீடு என்ற சொற்றொடர் சட்டத்தில் ஏறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு அதன் ஒரு வடிவம் ஆசிரியர்களாலும் மாணவர்களாலும் எழுதப்பட்டுவிட்டது.

கவிஞர்களும் வந்தார்கள். சுகதகுமாரி, ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்ப பணிக்கர், என்.வி. கிருஷ்ண வாரியர் என்று மலையாளத்தின் முதன்மைக் குரல்கள் காட்டுக்காகப் பேசின. மரக்கவிகள் என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. மனிதனா குரங்கா என்று மேடைகளில் கேட்கப்பட்டது. கேலியைத் தாண்டி, கவிஞர்கள் இதில் என்ன செய்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 830 ஹெக்டேர் என்று மட்டும் கோப்பில் இருந்த இடத்துக்குப் பொதுப்பேச்சில் வேறொரு பெயர் கிடைத்தது. அதைப் பார்த்தேயிராத லட்சக்கணக்கானவர்கள் அது ஓர் இடம் என்று அறிந்தார்கள்.

நீதிமன்றம் உதவவில்லை. 1979இல் தொடுக்கப்பட்ட வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் 1980 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. அறிவியல் காரணங்களை அரசு எடைபோட்டுவிட்டது, நாங்கள் மறுபடி எடைபோட முடியாது என்பது அதன் நிலை. ஆனால் அதற்குள் மத்திய வேளாண் துறைச் செயலராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் இப்பகுதியைச் சுற்றியுள்ள காடுகளோடு சேர்த்து மழைக்காட்டுக் காப்பகமாக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார். 1980இல் ஆட்சிக்குத் திரும்பிய இந்திரா காந்தி திட்டத்தை நிறுத்தி வைத்தார். எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான கூட்டுக் குழு மீண்டும் ஆராய்ந்து 1983இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் 89.52 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார்.

ஒப்புதலுக்கும் கைவிடலுக்கும் இடையே பத்தாண்டுகள். சூழல்வாதிகள் செய்த தாமதம் என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் நடந்தது என்ன? 1973க்கு முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடந்தது. எந்த மரம், எந்த விலங்கு, எவ்வளவு மழை, மாற்று என்ன என்ற கேள்விகள் ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டன. முதலில் கேட்காத கேள்வி பின்னால் வந்து, காலத்தை வட்டியோடு வாங்கிக்கொண்டது.

இன்னொரு முரணையும் மறைக்க வேண்டியதில்லை. அணைக்கு மாற்றாக அனல்மின் நிலையத்தைப் பரிந்துரைத்தவர்கள் அன்றைய இயக்கத்துக்குள்ளேயே இருந்தார்கள். நிலக்கரிப் புகை பூமியின் வெப்பத்தை உயர்த்தும் என்பது அன்றைய பொதுப்பேச்சில் இல்லை. எது தூய்மையானது என்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது.

*

அமைதிப் பள்ளத்தாக்கைத் தொடர்ந்தும் அதன் நிழலிலும் சட்டங்கள் வந்தன. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம், போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் 1994இல் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 1997இல் பொது விசாரணை. மக்களைக் கூட்டி, திட்டத்தை விளக்கி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்த பிறகே அனுமதி என்ற ஏற்பாடு வந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

இதற்கிடையே அமைதிப் பள்ளத்தாக்குக்கு வடக்கே, நீலகிரி மாவட்டத்தின் கூடலூரில் ஜன்மி நிலங்களில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உள்ளோர் படிக்க வேண்டியது. காடு என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். பதிவேட்டில் வனத்துறையின் பெயர் இருக்கிறதா, நிலம் யாருடையது என்பன இரண்டாம் கேள்விகளாயின. அரசு எழுதிவைத்ததால் மட்டும் ஓரிடம் காடாவதில்லை, எழுதாததால் காடு இல்லாமலும் போவதில்லை. கூடலூரின் மரங்களிலிருந்து புறப்பட்ட அந்த வரையறை இன்றுவரை நாடெங்கும் செல்லும் அனுமதிக் கோப்புகளைத் தொடர்கிறது.

கேட்பது என்ற சொல்லும் சோதனைக்கு உள்ளாயிற்று. சாலக்குடி ஆற்றின் குறுக்கே அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் நீர்மின் திட்டம். 1998இல் சூழல் அனுமதி கிடைத்தது. பொது விசாரணை நடத்தப்படவில்லை என்பதால் 2001இல் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டது. மறுபடி மதிப்பீடு செய்து 2005இல் அனுமதி பெறப்பட்டது. புதிய மதிப்பீட்டு அறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை என்பதால் 2006இல் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. 2007இல் மூன்றாம் அனுமதி. 2010இல் மத்திய அமைச்சகம் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அமைதிப் பள்ளத்தாக்கை ஆராய்ந்த மேனன் குழுவில் உறுப்பினராக இருந்த மாதவ் காட்கில், 2011இல் தம் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழுவின் அறிக்கையில் இத்திட்டம் கூடாது என்றார்.

அந்தக் காட்டில் காடர்கள் வாழ்கிறார்கள். 2014இல் வாழச்சால் பகுதியின் காடர் குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. மூன்று அனுமதிகளும் வழங்கப்பட்டபோது காட்டைக் காக்கும் உரிமை உடையவர்களாகக் காடர்களைச் சட்டம் ஏற்றிருக்கவில்லை. மூன்று முறையும் கோப்பு விரைந்தது. மூன்று முறையும் கேட்க வேண்டியவரைக் கேட்காததால் நின்றது.

*

2006இல் சூழல் தாக்க அறிவிக்கை புதிதாக எழுதப்பட்டது. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டங்கள் அதன் பட்டியலில் வந்தன. எல்லையைச் சட்டம் எண்ணால் எழுதியதும், அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே நிற்கும் திட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் தோன்றின. காற்றாலைகளோ சூரிய ஒளி மின் நிலையங்களோ அந்தப் பட்டியலில் இல்லை. மின்சாரத்தைச் சுமந்து செல்லும் உயர் மின்னழுத்தக் கம்பிகளும் இல்லை. காட்டு நிலத்தில் அமைந்தால் வனச் சட்டம் கேள்வி கேட்கும். மற்ற நிலத்தில் கேட்க யாரும் இல்லை. புகையில்லை, கழிவில்லை, பின் எதற்கு மதிப்பீடு என்பதே இதன் பின்னுள்ள எண்ணம். அணையைப் பற்றியும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணினோம்.

இவ்வெண்ணத்தின் விளைவைக் காண ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்குச் செல்ல வேண்டும். ஜெய்சல்மேர், ஜோத்பூர் பக்கங்களில் வெயிலும் காற்றும் நிலமும் தாராளம். பட்லாவில் மட்டும் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்கா அமைந்தது. வருவாய்த் துறையின் பதிவேட்டில் இந்நிலத்தின் பெரும்பகுதிக்குத் தரிசு என்று பெயர். வரி வராத நிலத்தைக் குறிக்கப் பயன்பட்ட சொல் அது. நம் ஊரின் புறம்போக்கு எப்படி வசைச்சொல்லாகத் தேய்ந்ததோ, அதே வழியில் தரிசும் பயனற்றது என்ற பொருளை ஏற்றுக்கொண்டது.

அந்தத் தரிசில் ஓரண்கள் இருக்கின்றன. தெய்வத்துக்கு விடப்பட்ட காடுகள். மரத்தை வெட்டக் கூடாது, ஆடுமாடுகள் மேயலாம். நம் கோயில் காடுகளுக்கு உறவு. அங்கே கானமயிலும் இருக்கிறது. ஒருகாலத்தில் தமிழகத்து வறண்ட புல்வெளிகளிலும் நடமாடிய பறவை. இங்கே இன்று அதன் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று, ஆண் பறவை பதினைந்து கிலோ வரை எடை கொள்ளும். கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் எதிரே உள்ளதை நன்றாகக் காணாது. கம்பி அருகில் வந்த பிறகு கனத்த உடலைத் திருப்பவும் அதனால் இயலாது. தார் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் மின்கம்பிகளில் மோதி இறக்கக்கூடும் என்று இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வு கணித்தது. அந்த ஆய்வின் காலத்தில் உலகில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 150.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வரைந்தவர்களுள் முதன்மையானவரான எம்.கே. ரஞ்சித்சிங், முதிய வயதில் 2019இல் அந்தப் பறவைக்காக உச்ச நீதிமன்றம் சென்றார். 2021 ஏப்ரலில் நீதிமன்றம் கானமயிலின் வாழிடங்களில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. உயர் மின்னழுத்தக் கம்பிகள் குறித்து இடத்துக்கு இடம் முடிவு செய்ய ஒரு குழுவை அமைத்தது. ஆணைக்கு உட்பட்ட பரப்பு கிட்டத்தட்ட 99,000 சதுர கிலோமீட்டர். இது தொழில்நுட்ப அளவில் இயலாது, நாட்டின் காலநிலை உறுதிமொழிகளையே முடக்கிவிடும் என்று அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் தன் ஆணையைத் திருத்தியது. நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் அடங்கும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. 2025 டிசம்பரில் அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டது.

அமைதிப் பள்ளத்தாக்கில் காட்டுக்கும் மின்சாரத்துக்கும் இடையே வழக்கு நடந்தது. தாரில் இயற்கைக்காகவே இரு தரப்பும் வாதிட்டன. ஒரு தரப்பு கண்ணுக்குத் தெரியும் ஒரு பறவைக்காக நின்றது. மற்றது இனி வரவிருக்கும் வெப்ப அலைகளை எண்ணி நின்றது. இரண்டில் ஒன்றைப் பொய் என்று நம்மால் தள்ள முடியவில்லை. ஆனால் இந்தத் தராசு ஏன் நீதிமன்றத்துக்கு வந்தது என்று கேட்கலாம். பூங்காக்களும் காற்றாலைகளும் எழும்பி, கம்பிகள் இழுக்கப்பட்ட பின்னரே பறவை எங்கே வாழ்கிறது என்ற கேள்வி கட்டாயமாயிற்று. வாழிடத்தின் வரைபடம் முதலில் விரிக்கப்பட்டு, கம்பியின் பாதை அதன்மேல் வரையப்பட்டிருந்தால், எந்த நீதிபதியும் பறவையின் பார்வைக் கோணத்தைப் பற்றிக் கற்க நேர்ந்திராது.

*

அனுமதி என்றால் தாமதம் என்று சொல்வோருக்கு இந்த அரை நூற்றாண்டு வரலாறு ஒரு விடையைத் தருகிறது என்று கருதுகிறோம். குந்திப்புழையிலும் சாலக்குடியிலும் தாரிலும் காலத்தைத் தின்றது பிந்திக் கேட்கப்பட்ட கேள்வி. விரைவு வேண்டுமென்றால் கேள்வியை முன்னால் கொண்டுவர வேண்டும். எங்கே அமைக்கலாம், எங்கே கூடாது என்று திட்டம் பிறக்குமுன்பே நிலத்தைப் படித்து வைத்துக்கொண்டால், நல்ல இடத்தில் எழும் நல்ல திட்டம் ஓராண்டில் அனுமதி பெறத் தடையில்லை. கேள்வியையே நீக்கிவிடுவது விரைவுபோலத் தோன்றும்; சில ஆண்டுகள் கழித்து அதே கேள்வி வழக்காகத் திரும்பி வரும். அனுமதியின் பெயரால் கையூட்டும் காத்திருப்பும் வெற்றுப் படிவங்களும் பெருகியிருப்பதும் உண்மை. ஒரே அறிக்கையின் பக்கங்கள் இன்னொரு மலைக்கும் படியெடுத்து ஒட்டப்படுவதும் நடக்கிறது. அவற்றைக் களைய வேண்டியது கேள்வி கூர்மையாவதற்காக.

மறுபுறம், இயற்கையை நேசிப்போரான நாமும் ஒன்றை ஏற்க வேண்டியிருக்கிறது. 1980இல் ஓர் அணையை மறுத்தபோது வேறு வழியில் மின்சாரம் வரும் என்று சொல்ல முடிந்தது. அந்த வேறு வழியின் விலை என்ன என்று இன்று தெரியும். இனி மறுப்பு சொல்பவரும் மாற்றிடத்தைச் சுட்ட வேண்டும். பரிஷத்தின் ஆசிரியர்கள் அன்று அதைச் செய்ய முயன்றார்கள் என்பதாலேயே அவர்களின் அறிக்கைக்கு மதிப்பு உண்டாயிற்று.

2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் ஓரண்களைக் கணக்கெடுத்து, காடுகளாக அறிவிக்கும்படி மாநில அரசுக்கு ஆணையிட்டது. அந்த ஆணையும் கூடலூரில் தொடங்கிய கோதவர்மன் வழக்கின் வரிசையிலேயே வந்தது. மழைக்காட்டின் மரங்களுக்காகக் கேட்கப்பட்ட சொல்விளக்கம், கால் நூற்றாண்டுக்கு மேல் பயணம் செய்து, பாலைவனத்தின் தெய்வக் காடுகளைச் சென்றடைந்தது. ஓரண்களின் எல்லையைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் அங்கே ஆடு மேய்ப்பவர்கள். கணக்கெடுக்கச் செல்லும் அலுவலர்கள் பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்திலும் அவர்களைக் கேட்டுத்தான் எல்லை காண முடியும். அந்தக் கேட்பு முடியுமுன் எந்தக் கம்பியும் அந்நிலத்தைக் கடக்காதிருக்க வேண்டும்.